அண்ணன் கழுத்தில் இருந்த கட்டி

வெண்ணாற்றங்கரை மேல் கிழக்கே நடந்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பன்னிரண்டு வயது. மாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். ஆற்றில் தண்ணீர் நிறுத்திவிட்டார்கள். மணல் வெளியே தெரிகிறது, அங்கங்கே குட்டையாய்த் தேங்கி நிற்கிறது, குட்டைக்குக் குட்டை கொக்கு. இரண்டு பக்கமும் அறுத்த வயல். பள்ளிக்கூடப் பையை ஊர் எல்லையில் ஒரு வைக்கோல் போருக்குள் சொருகிவிட்டு வந்திருக்கிறேன். சட்டைப் பையில் அண்ணனுடைய பாஸ்போர்ட் போட்டோ ஒன்று இருக்கிறது. திரும்பிப் பார்த்தால் எங்கள் ஊர் மூங்கில் கொல்லை தெரியாத தூரம் வந்தாகிவிட்டது.

காலையில் அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்த வார்த்தைக்கு வருவதற்கு முன்னால் அவன் கழுத்தில் இருந்த கட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் உடம்பைப் பற்றித்தான் பேசுகிறோம். சர்க்கரை எவ்வளவு, முட்டி எப்படி இருக்கிறது, கண் ஆபரேஷன் ஆயிற்றா என்று. ஆகவே நானும் என் உடம்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் இப்போது தாராசுரத்தில் ஒரு தங்கும் விடுதிக்கு வாட்ச்மேன். போன மாதம் குளிக்கும்போது முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே, மெத்தென்று ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஒரு சின்னப் பெண் டாக்டர். சட்டையைத் தூக்கச் சொல்லி இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தது. "கொழுப்புக் கட்டிங்க. ஒண்ணும் பண்ணாது, அப்படியே விட்டுடலாம். வேகமா வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, வலிச்சாலோ வாங்க" என்றது. அவ்வளவுதான். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போனது, வந்தது எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் எங்கள் வீட்டில் ஒரு வருஷம் நாசமாய்ப் போனது.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மூட்டை தூக்கும் வேலை. அறுவடைக் காலத்தில் வியாபாரிகள் களத்துக்கே வந்து நெல் பிடிப்பார்கள். நெல்லைச் சாக்கில் நிரப்பி, கோணி ஊசியால் வாயைத் தைத்து, களத்திலிருந்து ரோட்டில் நிற்கும் லாரி வரை வரப்பு மேல் சுமந்து போக வேண்டும். அண்ணன் மூட்டையைப் பிடரியில் வாங்குவான். அந்தப் பிடரியில்தான், முடி முடிகிற இடத்துக்குக் கீழே, மூன்று வருஷமாக அந்தக் கட்டி. முதலில் சுண்டைக்காய் அளவு. பிறகு பெரிய நெல்லிக்காய். வலி கிடையாது. விரலால் தள்ளினால் தோலுக்கு அடியில் உருளும். நடுவில் பென்சில் முனை வைத்த மாதிரி ஒரு கரும்புள்ளி.

கூட வேலை செய்கிறவர்கள் விடமாட்டார்கள்.

"உனக்கென்னடா, மூட்டைக்குத் தலையணை வச்சுத்தானே ஆண்டவன் அனுப்பியிருக்கான்."

"தலையணை வேணும்னா ஒரு நாளைக்குக் கழட்டித் தரேன், வச்சுக்க" என்பான் அண்ணன்.

வேலை இல்லாத நாளில் என்னைக் கூப்பிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அமுக்கச் சொல்வான். இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினால் அந்தப் புள்ளி வழியாக வெள்ளையாய், ஊறவைத்துக் கெட்டுப்போன அரிசி மாவு மாதிரி, நூலாக வரும். அதன் நாற்றம் இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. வெந்நீரில் துடைத்துவிடுவேன். கட்டி வற்றிப்போன மாதிரி இருக்கும். இரண்டு மாதத்தில் மறுபடி பழைய அளவு. உள்ளே இருக்கும் அழுக்குதான் கட்டி என்று நாங்கள் நினைத்தோம். எல்லா அழுக்கும் வந்துவிட்டால் ஒருநாள் தீர்ந்துவிடும் என்று நான் விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

அம்மா அதற்குச் சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் போட்டுப் பார்த்தாள். தோல் வெந்ததுதான் மிச்சம். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வந்தாள். வெல்லம் கரைந்தது.

அந்த வருஷம் ஆவணியில் ஏஜெண்ட் வந்தார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றால் தெருவே திரண்டுவிடும். ஏற்கெனவே போன வீடுகளில் ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏஜெண்ட் வெள்ளைச் சட்டை, செண்ட் வாசனை. மாரியம்மன் கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த பையன்களைச் சட்டையைக் கழட்டச் சொல்லி, மாடு பிடிக்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அண்ணனைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. முதுகைத் திருப்பியதும் முகம் மாறியது.

"இதென்னப்பா கட்டி? இதை வச்சுக்கிட்டு மெடிக்கல்ல தேற முடியாது. மெட்ராஸ்ல சட்டையைக் கழட்டித்தான் பார்ப்பாங்க."

"ஆபரேஷன் பண்ணிக்கிறேங்க" என்றான் அண்ணன்.

"ஆபரேஷன் பண்ணின உடம்பா? அது இன்னும் மோசம். தையல் தழும்பைப் பார்த்தா உள்ள என்னமோ வியாதின்னு எழுதிடுவாங்க. தீபாவளி கழிஞ்சு மெடிக்கல். அதுக்குள்ள தானா அமுங்கிச்சுன்னா சொல்லு."

அடுத்து நின்ற பையன் கையில், சின்ன வயதில் காமாலைக்குப் போட்ட சூட்டுத் தழும்பு இருந்தது. அவன் பயந்துபோய்க் கையை மறைத்தான். ஏஜெண்ட் சிரித்துவிட்டு, "சூடெல்லாம் பரவாயில்லடா. இந்தப் பக்கத்துல சூடு இல்லாதவன் யாரு? அதை ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இரண்டையும் கேட்டார். கட்டியும் இருக்கக் கூடாது, தையலும் இருக்கக் கூடாது, சூடு இருந்தால் பரவாயில்லை. அவர் மனதில் இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்தன என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

அப்பாவுக்கு வண்டி ஓட்டுகிற வேலை. சொந்த வண்டி, ஒரு ஜோடி மாடு. செவலை மாட்டுக்கு முந்தின வருஷம் நுகத்தடி உராய்ந்து கழுத்து வீங்கிப்போயிற்று. பக்கத்து ஊர் மாட்டு வைத்தியர் வந்து பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இரண்டு கோடு இழுத்தார். பதினைந்து நாளில் வீக்கம் வடிந்து மாடு வண்டியில் பூட்டத் தயாராகிவிட்டது. அப்பா அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மூட்டை தூக்குகிற மகனுக்குப் பிடரியில் கட்டி. நுகத்தடி சுமக்கிற மாட்டுக்கும் அதே இடம். அவருக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனார். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். வைத்தியர் கட்டியைப் பிடித்து இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

"மாட்டுக்கு வர்றது தோலு தடிச்சு வர்றது. அமுக்கினா நகராது. இது நகருது பாருங்க. உள்ள பை மாதிரி எதோ இருக்கு. நான் தொட மாட்டேன். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போங்க."

"நீங்க சும்மா லேசா ஒரு கோடு இழுங்களேன்" என்றார் அப்பா.

"மாடு செத்தா மாட்டோட போச்சு. இது புள்ளைங்க. ஆள விடுங்க."

அப்பா வழியெல்லாம் மாடுகளை அநாவசியமாக அதட்டினார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணன் என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனான். வீட்டுக்குத் தெரியாது. அவன் நாலாவதோடு நிறுத்தியவன். சீட்டு எழுதியிருந்தால் படிக்க ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டான். முதலில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டான். இரவல் சட்டை, காலரைத் தூக்கிவிட்டு, கட்டி எங்கே தெரிந்துவிடுமோ என்று கழுத்தை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு. போட்டோக்காரர், "கட்டி பின்னாடிதானே இருக்கு, முன்னாடி ஏன் விறைச்சுக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டார்.

பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளி வரிசையில் நின்றோம். பினாயில் வாசனை, ஈரத் துணி வாசனை, யாரோ உரித்த ஆரஞ்சுத் தோல் வாசனை. டாக்டரம்மா நரைமுடி, பெரிய கண்ணாடி. அண்ணனைத் தலை குனியச் சொல்லிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு? வலி இருக்கா? சீழ் வந்திருக்கா?"

அண்ணன் சொன்னான். நான் அமுக்குவதையும் சொன்னான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீதான் அமுக்குற பெரிய டாக்டரா? இனிமே அமுக்காத. இது கொப்புளம் இல்லை, அழுக்கும் இல்லை. நம்ம மேல் தோல்ல கொஞ்சம் உள்ள மாட்டிக்கிட்டு, ஒரு பை மாதிரி ஆயிடுது. தோலு தினமும் உதிருதில்ல, வெளிய இருந்தா குளிக்கும்போது போயிடும். பைக்குள்ள உதிர்ந்தா எங்க போகும்? அங்கேயே சேருது. அதான் அந்த வெள்ளை. நீ உள்ள இருக்கறதை எடுத்துட்டு பையை விட்டுடற. மறுபடி நெரம்புது."

"அப்ப என்னங்க பண்றது?" என்றான் அண்ணன்.

"தொந்தரவு இல்லைன்னா சும்மாவே விட்டுடலாம். எடுக்கணும்னா மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாக் கீறி, பையோட எடுத்துடலாம். அரை மணி நேரம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

அண்ணன் தயங்கித் தயங்கித் தையல் தழும்பைப் பற்றிக் கேட்டான். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தழும்பு இருந்தா வேலை கிடையாதுன்னு எவன் சொன்னான்? சாதாரணக் கட்டி, எடுத்தாச்சுன்னு நான் சீட்டு எழுதித் தரேன். அதைக் காட்டு. வியாழக்கிழமை காலைல சாப்பிட்டுட்டு வா. எடுத்ததைப் பாட்டில்ல போட்டு டெஸ்டுக்கு அனுப்புவோம். எல்லாருக்கும் செய்யறதுதான்."

இதில் கடைசி இரண்டு வாக்கியம்தான் என் காதில் ஏறியது. அதிலும் முதலாவதுதான். ஏனென்றால் வெளியே வராந்தாவில் ஒரு பெண் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவளிடம், "டெஸ்டுக்கு அனுப்பினாங்க, புத்துன்னு வந்துடுச்சே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். புற்று என்றால் சாவு என்று எனக்குத் தெரியும். டெஸ்டுக்கு அனுப்பினால் புற்று என்பது அன்றைக்குத் தெரிந்துகொண்டது.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். துபாயிலிருந்து எனக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டான். டேப் ரிக்கார்டர் என்றேனா, வாட்ச் என்றேனா, நினைவில்லை. "வியாழக்கிழமை வரைக்கும் வீட்டுல மூச்சு விடக் கூடாது. முடிச்சுட்டு வந்து நானே சொல்லிக்கிறேன்" என்றான். நாலு போட்டோவில் ஒன்றை எனக்குக் கொடுத்தான்.

ஒரு நாள் தாங்கினேன். புதன்கிழமை சாயங்காலம் அம்மா கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். அண்டாவிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அழுகை வந்துவிட்டது.

"அண்ணனுக்குப் புத்தும்மா. நாளைக்கு அறுத்துப் பாட்டில்ல போடப் போறாங்க."

அம்மா கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் எல்லாம் வந்துவிட்டார்கள். அண்ணன் ஓடிவந்தான். நடந்ததை ஒழுங்காகச் சொன்னான். சாதாரணக் கட்டி என்றான். டாக்டரம்மா சீட்டு தருவார் என்றான். அம்மா காதில் எதுவும் விழவில்லை. அப்பா வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"கத்தி வச்சா தையல் தெரியும். அந்த ஆளு சொன்னதை நீயும்தானே கேட்ட?"

"சீட்டு தரேன்னாங்கப்பா."

"அந்தம்மா சீட்டு துபாய்ல செல்லுமாடா? இங்க தஞ்சாவூரைத் தாண்டினா செல்லுமா? அதோட புத்துன்னு வேற சொல்றான் இவன்."

"இவனுக்கு என்ன தெரியும்? சின்னப் பய."

"தெரியாமத்தான் அழுவுறானா?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மா முந்தானைக்குப் பின்னால் போய்விட்டேன். அவன் வியாழக்கிழமை தஞ்சாவூருக்குப் போகவில்லை. போனால் கிணற்றில் விழுவேன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்தான்.

அப்பா மறுபடி மாட்டு வைத்தியர் வீட்டுக்குப் போனார், இந்தத் தடவை தனியாக. செவலைக்குக் கழுத்து மறுபடி வீங்கியிருக்கிறது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிச் சூட்டுக்கோலை வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டிருந்தது. வாசலில் வரட்டி அடுக்கி நெருப்பு மூட்டினார். அண்ணன் முறைத்தும் பார்க்கவில்லை, ஓடவும் இல்லை. அப்பா முகத்தைப் பார்த்தான். அப்பா அழுதுகொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு அவனால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். குப்புறப் படுத்துத் துண்டை மடித்து வாயில் வைத்துக்கொண்டான். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு.

பிடித்துக்கொண்டேன். அவன் விரல்கள் என் மணிக்கட்டில் இறங்கின. அந்த வாசனையை எழுத வேண்டாம். இழுத்தது இரண்டு கோடு, மாட்டுக்கு இழுத்த மாதிரியே. பிறகு அப்பா கோலைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கட்டி சின்னதானது போலத்தான் இருந்தது. அப்பா தெருவில் தலைநிமிர்ந்து நடந்தார். ஐந்தாம் நாள் கழுத்து முழுக்கச் சிவந்து, மினுமினுவென்று வீங்கி, காதுக்குப் பின்னால் வரை ஏறிவிட்டது. தொட்டால் சுட்டது. சீழ் வைத்துவிட்டது. சூடு பட்ட இடம் வெடித்து வழிந்தது. தீபாவளிக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. மெட்ராஸ் மெடிக்கலுக்கு வேன் வந்த அன்று அண்ணன் நூற்றிமூன்று காய்ச்சலில் படுத்திருந்தான். கையில் காமாலைச் சூடு போட்டிருந்த பையன் அவனுக்குப் பதிலாகப் போனான். வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைத் தாண்டும்போது அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "யாரெல்லாம் போறாங்க?" என்று கேட்டான். நான் பேர் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வண்டியில் வைக்கோல் பரப்பி, அவனைப் படுக்கவைத்து, மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் பெரியாஸ்பத்திரி. அதே டாக்டரம்மா. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பை உள்ளேயே உடைஞ்சிடுச்சு. இப்போ அதைத் தனியா எடுக்க வராது. சீழை வெளிய விட்டு, மாத்திரை கொடுக்கறேன். நல்லா ஆறட்டும். ரெண்டு மாசம் கழிச்சு வந்தீங்கன்னா மிச்சத்தை எடுக்கறேன்" என்றார். பிறகு அப்பாவிடம், "இந்தச் சூடு உங்க கைதானா போட்டது?" என்று கேட்டார்.

அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மார்கழியில் எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது, சூட்டுத் தழும்பில் ஒட்டிப்போயிருந்ததால் இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெளியே வரும்போது அண்ணன் கழுத்தில் பெரிய கட்டு. கட்டு அவிழ்ந்த பிறகும் கழுத்து முன்போல் வளையவில்லை. பக்கத்தில் பார்க்க வேண்டும் என்றால் உடம்போடு திரும்பினான். தை அறுவடையில் மூட்டையைப் பிடரியில் வாங்க முடியவில்லை. கூட்டாளிகள் இந்தத் தடவை கேலி செய்யவில்லை. அவனைச் சாக்குப் பிடிக்கவும் வாய் தைக்கவும் வைத்துக்கொண்டார்கள். அது பெண்களும் வயதானவர்களும் செய்கிற வேலை.

இவ்வளவுக்கும் அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஏண்டா சொன்னே என்று கேட்டிருந்தால் நான் அழுது முடித்திருப்பேன். இரவில் என் பக்கத்திலேயே படுத்தான். கட்டுத் துணியை நான்தான் துவைத்தேன்.

மாசி பிறந்ததும் டெஸ்ட் ரிசல்ட்டை அப்பா வாங்கிவந்தார். எல்லாம் இங்கிலீஷ். நான் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் வாத்தியாரிடம் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். "ஒண்ணுமில்லடா, சாதாரணக் கட்டின்னு போட்டிருக்கு. புத்தெல்லாம் கிடையாது" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு வகுப்பைவிட்டு ஓடிவந்தேன். அண்ணன் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான்கு மாதமாக என் வயிற்றில் இருந்த கல் அது. தூரத்திலிருந்தே கத்தினேன்.

"அண்ணே, ஒண்ணுமில்லையாம்! சாதாரணக் கட்டியாம்!"

அண்ணன் வேலையை நிறுத்தினான். உடம்போடு என் பக்கம் திரும்பினான்.

"அதை அந்தம்மா அன்னிக்கே சொல்லலையா? உன் பக்கத்துலதானே சொன்னாங்க?"

நான் பேப்பரை நீட்டிக்கொண்டே நின்றேன். அவன் வாங்கவில்லை.

"போடா. கொஞ்ச நாளைக்கு என் கண்ணுல படாத."

அவன் அதைக் கத்திச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் பேப்பரை ஒரு வைக்கோல் கட்டுக்கு அடியில் காற்றில் பறக்காமல் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் ஆற்றங்கரைக்கு வந்தேன். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். பத்து நாள் இருக்கும். கழுத்து வளைகிற வரைக்கும் இருக்கும். ஆறு மூன்றாகப் பிரிகிற தலைப்பில் மதகு மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். மூன்றிலும் தண்ணீர் இல்லை. இருட்டுவதற்குள் நீடாமங்கலம் வந்துவிட்டேன். ஸ்டேஷனில் படுத்துக்கொண்டேன்.

நீடாமங்கலத்தில் நாலு மாதம் இருந்தேன். பிறகு ஒரு லாரியில் ஆந்திரா. ஓட்டல், செங்கல் சூளை, மிளகாய் மண்டி, மறுபடி லாரி. அண்ணன் போட்டோ விஜயவாடாவில் ஒரு மழையில் நனைந்து முகம் அழிந்துபோயிற்று. பத்து நாள் கழிந்தபோது போகலாம் என்றுதான் இருந்தேன். போனால் என்ன சொல்வது என்று ஒரு மாதம் தள்ளினேன். ஒரு மாதம் தள்ளியதற்கு என்ன சொல்வது என்று ஒரு வருஷம். இப்படித் தள்ளித் தள்ளி நான் ஊருக்குத் திரும்பியபோது பதிமூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா இல்லை. அம்மாதான் சொன்னாள்.

அண்ணன் அடுத்த மெடிக்கலுக்குப் போயிருக்கிறான், நான் போன அந்த வருஷமே, வைகாசியில். டாக்டரம்மா சீட்டை எடுத்துக்கொண்டு போனான். மெட்ராஸ் டாக்டர் தழும்பைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். தேறிவிட்டான். ஆவணியில் விசா வந்தது. அவன் போகவில்லை. மாசியிலிருந்தே சைக்கிளில் தேடிக்கொண்டிருந்தான். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி. வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் எல்லாம் மெட்ராஸுக்குத்தான் போகும் என்று யாரோ சொல்ல, மெடிக்கலுக்குப் போன இடத்தில் ஒரு வாரம் தங்கி அங்கேயும் தேடியிருக்கிறான். அரை நாள் நடைத் தூரத்தில் நான் இருப்பேன் என்று யாருக்கும் தோன்றவில்லை. "தம்பி வரட்டும், அப்பறம் போறேன்" என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டானாம். ஏஜெண்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்.

அம்மா இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வந்தான். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தான். தலை பாதி நரைத்திருந்தது. கிட்ட வந்து என் தோளைப் பிடித்தான்.

"கொஞ்ச நாளுன்னுதானேடா சொன்னேன்."

அவன் இறந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது.

அந்தப் பன்னிரண்டு வயதில், நீடாமங்கலம் வந்து சேர்ந்த மறுநாள் காலை, ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் நின்றேன், மேஸ்திரி கூப்பிட்டார்.

"எந்த ஊருடா?"

"சாலியமங்கலம் பக்கம்."

"வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தியா?"

"இல்லண்ணே."

"சாப்ட்டியா?"

அதற்கும் இல்லை என்றேன். ஒரு தூக்கு பழைய சோறு கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் களத்துக்குக் கூட்டிப்போனார். அவித்த நெல்லைச் சிமெண்டுக் களத்தில் பரப்பியிருந்தார்கள். கால்களை உழவு ஓட்டுகிற மாதிரி இழுத்துக்கொண்டே நடந்து, நெல்லைக் கிளறிவிட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம், திரும்பி மறுபடி. பையன்களுக்கு ஏற்ற வேலை, கால் மட்டும் பழக வேண்டும் என்றார்.

வாசலில் ஒரு லாரியில் தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அதைக் காட்டினார். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போவுது. உங்க ஊரு வழியாத்தான் போவணும். அம்மாவைப் பாக்கணும்னா முன்னாடி ஏறிக்க. டிரைவர்கிட்ட சொல்லிடறேன். இன்னிக்கே போறதுன்னாலும் போ. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

பதினோரு மணிக்கு லாரி கிளம்பியது. ரயில்வே கேட் திறப்பதற்காக அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. டிரைவர் என் பக்கம் பார்த்து ஒரு தடவை ஹாரன் அடித்தார். நான் களத்தின் நடுவில் இருந்தேன். நெல்லின் சூடு உள்ளங்காலில் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னடா, ஏறலையா?" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே."

"சரி. அந்தக் கோடி இன்னும் காயலை. அதைக் கிளறு."

போய்க் கிளறினேன்.